ஏரிக்கரையில் இரண்டு சைக்கிள்கள்

நீலசந்திராவில் மலைச் சைக்கிள் வைத்திருப்பவன் கேலிக்கு ஆளாவது இயல்பு. எங்கள் தெருவில் ஒரு ஆட்டோ போக வேண்டுமானால் எதிரே வருகிற ஆட்டோ பின்வாங்கியாக வேண்டும். இங்கே இருபத்தொரு கியர் எதற்கு என்று பஞ்சர் கடை அண்ணன் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. மகளுக்குப் பதினான்கு வயது. அவளுக்காக ஒன்று வாங்கப்போய், கடைக்காரர் சேர்த்துத் தள்ளிவிட்டதில் எனக்கும் ஒன்று வந்தது. இரண்டுமே பழையவை. முன் சக்கரத்துக்கு மேல் அதிர்வு தாங்கும் ஸ்பிரிங், உள்ளங்கையை உறுத்தும் பொத்தான் டயர், எனக்குச் சற்றுத் தாழ்வான சீட். ஆறு மாதம் அவை மாடிப்படிக்கு அடியில் துணி காயப்போடத்தான் பயன்பட்டன.

“மலை சைக்கிள்னு சொல்றே, மலை எங்கப்பா?” என்று ஒருநாள் கேட்டாள்.

மலை வேண்டாம், ஏரிக்குப் போவோம் என்றேன். ஹெசரகட்டா. நகரத்தின் வடமேற்கில் சுமார் 20 கிலோமீட்டரில், அர்க்காவதி ஆற்றின் குறுக்கே நிற்கிற பழைய நீர்த்தேக்கம். பக்கத்தில் பெரிய புல்வெளி. ஏற்ற இறக்கம் அதிகமில்லாத செம்மண் தடம். புதிதாகக் கற்பவர்களுக்கு அதைவிடச் சுலபமான பாதை பெங்களூரைச் சுற்றிக் கிடைக்காது என்று பக்கத்துத் தெருப் பையன்கள் சொல்லியிருந்தார்கள்.

மலைச் சைக்கிளுக்கும் நீர்த்தேக்கத்துக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மரீன் மாவட்டத்தில் டமால்பயஸ் என்ற மலைச்சரிவில்தான் இந்த விளையாட்டு உருவெடுத்தது. சில இளைஞர்கள் 1930, 40களின் தடித்த டயர் சைக்கிள்களைப் பழைய சாமான் கடைகளில் பொறுக்கியெடுத்து மண்பாதைகளில் உருட்டிவிட்டார்கள். இறக்கம் முடிவதற்குள் பின்சக்கர பிரேக்கிலிருந்த கிரீஸ் காய்ந்து புகையாகிவிடும். மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அதனாலேயே அந்தப் பாதைக்கு ‘ரீபேக்’ என்று பெயர். 1977ல் ஜோ பிரீஸ் என்பவர் இதற்கென்றே ஒரு சட்டத்தை வடிவமைத்தார். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் அது பந்தயமாகவும் ஆகிவிட்டது. அந்த மலையில் இன்றும் சைக்கிள்காரர்கள் சுற்றுவது குடிநீர் வாரியத்தின் ஏரிகளை ஒட்டிய பாதைகளில்தான். ஊருக்குக் குடிநீர் தரும் மலை என்பதால் வீடு கட்டாமல் விட்டுவைத்தார்கள். விட்டுவைத்த இடத்தில் சைக்கிள் ஓடியது.

ஹெசரகட்டாவும் ஒருவகையில் அப்படித்தான். ஆனால் நான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு இதெல்லாம் காரணமில்லை. 45 வயதுக்குள் நான் சைக்கிளில் போகாத திசை அது. இன்னும் சரியாகச் சொன்னால், போகக்கூடாது என்று சொல்லப்பட்ட திசை.

அப்பா குழாய் பதிக்கும் காண்டிராக்டரிடம் வேலை பார்த்தார். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து இருபது வயதில் வந்தவர். காவிரித் தண்ணீர் முதன்முதலாக பெங்களூருக்கு வந்தது 1974ல். சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்துக்கு பம்ப் செய்து ஏற்றுகிற தண்ணீர். அடுத்தடுத்த கட்டங்களாக அது நகரத்தின் தெருக்களுக்குள் நுழைந்தபோது, நுழைவதற்கான பள்ளத்தைத் தோண்டியவர்களில் அப்பாவும் ஒருவர். எந்தத் தெருவில் எத்தனை அடியில் எந்தக் குழாய் போகிறது என்பது அவருக்கு மனப்பாடம். வேலை முடிந்து வரும்போது காதுக்குப் பின்னால்கூடச் செம்மண் இருக்கும்.

1991ல் எனக்கு 11 வயது. வாடகைக் கடையில் மணிக்கு ஒரு ரூபாய் கொடுத்தால் அரை சைக்கிள் கிடைக்கும். ஆஸ்டின் டவுன் மைதானத்தைச் சுற்றி வந்து, விவேக்நகர் குழந்தை ஏசு கோயில் வரை போய்த் திரும்பினால் அந்த ஒரு மணி தீர்ந்துவிடும். அந்த டிசம்பரில், தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 205 டி.எம்.சி. தண்ணீர் விட வேண்டும் என்ற காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு மத்திய அரசிதழில் வெளியானது. மறுநாளிலிருந்து பெங்களூரில் கலவரம். தமிழர் குடியிருப்புகள் தாக்கப்பட்டன, கடைகள் எரிந்தன, உயிர்கள் போயின. தமிழ்நாட்டில் கன்னடர்கள் அடிபட்டார்கள். எங்கள் தெருவில் ஒன்றும் நடக்கவில்லை. தெருவில் பாதிப்பேர் தமிழர்கள், மீதிப் பாதியில் உருது பேசுகிறவர்களும் கன்னடர்களும். எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு ஒரே வானொலிச் செய்தியைக் கேட்டோம். காவிரியை ஊருக்குள் கொண்டுவரப் பள்ளம் வெட்டியவர் காவிரிக்காகப் பத்து நாள் வெளியே போகாமல் உட்கார்ந்திருந்தார்.

பத்தாவது நாள் எனக்கு எல்லை வகுத்துக் கொடுத்தார். சைக்கிள் ஓட்டலாம், ஆஸ்டின் டவுனைத் தாண்டக் கூடாது. மெஜஸ்டிக்குக்கு அந்தப் பக்கம் நினைத்தே பார்க்கக் கூடாது. “எவனாவது யாவ ஊருன்னு கேட்டா பதில் சொல்லாம மிதிச்சுக்கிட்டு வந்துடு.” யாவ ஊரு என்றால் எந்த ஊர் என்பதுதான் பொருள். கன்னடத்தில் அதைவிடச் சாதாரணமான விசாரிப்பு கிடையாது. தமிழ்ச் சிறுவன் ஒருவனுக்கு அந்த இரண்டு சொற்களும் அன்றைக்கு வேறு பொருளில் விழுந்துவிட்டன. பின்னாளில் தமிழில் முதுகலை படித்து, கன்னடத்திலிருந்து மொழிபெயர்க்கிற வேலையில் உட்கார்ந்து, பத்தாயிரம் முறை அந்தச் சொற்களைத் தமிழாக்கியிருப்பேன். தெருவில் யாராவது கேட்டால் இன்றும் ஒரு நொடி தயங்கித்தான் வாய் திறக்கிறது. 2016 செப்டம்பரில் தமிழ்நாட்டுப் பதிவெண் பேருந்துகள் எரிந்தபோது அந்த ஒரு நொடி இன்னும் கொஞ்சம் நீண்டது.

அப்பா இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. எல்லையை நீக்கிக் கொடுக்க ஆள் இல்லை.

ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு சனிக்கிழமை விடியற்காலை, எதிர்வீட்டுக்காரரின் குட்டி யானையில் இரண்டு சைக்கிள்களையும் ஏற்றினோம். வெங்காயம் வாங்க யஷ்வந்தபுரம் மண்டிக்குப் போகிறவர். அதுவரை கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். ரிச்மண்ட் ரோடு தாண்டி கண்டீரவா ஸ்டேடியம் வந்தது. மகளுக்குக் காட்டினேன்: இது சம்பங்கி ஏரி. மெஜஸ்டிக் பஸ் நிலையம் வந்தது. இது தர்மாம்புதி ஏரி. “எங்கப்பா ஏரி?” என்று பஸ்களைப் பார்த்தாள். அம்புதி என்றாலும் கடல்தான் என்று நான் ஆரம்பித்ததும் கொட்டாவி விட்டாள்.

எங்கள் ஊர்ப்பெயர் பற்றியும் அவளுக்கு ஒரு மயக்கம் இருந்தது. நீலநிலா என்று நோட்டுப்புத்தகத்தில் அழகாக எழுதி வைத்திருந்தாள். தமிழில் நாம் சந்திரா என்று எழுதுவதால் வந்த வினை. கன்னடத்தில் அது ‘சந்த்ர’ அல்ல, ‘சந்திர’மும் அல்ல; ‘ஸந்த்ர’, அதாவது சமுத்திரம் தேய்ந்து ஆனது. நாகசந்திரா, பொம்மசந்திரா, சிங்கசந்திரா எல்லாமே ஏரிகளின் பெயரால் அமைந்த கிராமங்கள். பெரிய ஏரியைச் சமுத்திரம் என்பது நம் பக்கமும் உள்ள வழக்கம்தான். அம்பாசமுத்திரத்திலும் கோபாலசமுத்திரத்திலும் அலையடிக்கும் கடலைத் தேடி யாரும் போவதில்லை. இன்றைய நீலசந்திராவில் நீலமும் இல்லை, சமுத்திரமும் இல்லை. தெருமுனையில் டாங்கர் லாரிக்குக் காத்திருக்கும் நீல நிற பிளாஸ்டிக் டிரம்கள் உண்டு.

யஷ்வந்தபுரத்தில் இறங்கி மிதிக்க ஆரம்பித்தோம். தும்கூர் சாலையில் லாரிகளோடு போவது சந்தோஷமான விஷயமல்ல. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எட்டாவது மைலுக்கு அருகே ஹெசரகட்டா கிராஸில் வலப்புறம் திரும்பிய பிறகுதான் மூச்சு வந்தது. சிக்கபாணாவரம், சோலதேவனஹள்ளி. இந்தச் சோலதேவனஹள்ளியில் 1890களில் நீராவி எந்திரம் புகைவிட்டுக்கொண்டிருந்தது. ஹெசரகட்டா ஏரியிலிருந்து செங்கல் கால்வாய் வழியாக இங்கே வந்த நீரை எந்திரம் மேலேற்றி நகரத்துக்கு அனுப்பியது. 1894ல் அந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தவர் மைசூர் திவான் கே. சேஷாத்ரி ஐயர், பாலக்காட்டுத் தமிழர். பெங்களூருக்குக் குழாயில் வந்த முதல் தண்ணீர் அதுதான். அதற்கு முன்னால் நகரம் குடித்தது, நாங்கள் விடியற்காலையில் கடந்து வந்த சம்பங்கியும் தர்மாம்புதியும் போன்ற ஏரிகளையும் கிணறுகளையும்தான். குழாய் வந்தபின் பக்கத்து ஏரி எதற்கு? ஒன்றில் ஸ்டேடியம், ஒன்றில் பஸ் நிலையம்.

ஊருக்குள் நுழையும் முன் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் நீண்ட வேலி. 1967ல் தொடங்கியது. தமிழ்நாட்டில் காய்கறி போடுகிறவர்கள் அர்கா அனாமிகா வெண்டை, அர்கா ரக்ஷக் தக்காளி என்று விதைப் பாக்கெட்டுகளில் படித்திருப்பார்கள். அந்த அர்கா, இந்த அர்க்காவதிதான். ஆறு வற்றிப்போனாலும் தர்மபுரி வெண்டைக்காயில் பெயர் ஓடிக்கொண்டிருக்கிறது.

புல்வெளி தொடங்கும் இடத்தில் டயர்களில் கொஞ்சம் காற்றை இறக்கினேன். தார் ரோட்டில் கெட்டியாக இருக்க வேண்டிய டயர் மண்ணில் சற்றுத் தளர்ந்திருந்தால்தான் பிடிக்கும், துள்ளாது. இது பஞ்சர் கடை அண்ணன் சொல்லிக்கொடுத்தது. இருபத்தொரு கியரைக் கேலி செய்தவரேதான். முதல் அரை மணி நேரம் எனக்கு உடம்பே வசப்படவில்லை. சிறு வயதில் பழகியது சீட்டில் அழுந்தி உட்கார்ந்து மிதிப்பது. இங்கே குழி வரும்போது சீட்டிலிருந்து எழுந்து, முழங்காலையும் முழங்கையையும் மடக்கி, சைக்கிளை அதன் போக்கில் குதிக்கவிட வேண்டும். “கீழ பார்க்காதப்பா, போற இடத்தைப் பாரு” என்று மகள் முன்னாலிருந்து கத்தினாள். பார்த்தேன். கல்லை உற்றுப் பார்த்தால் சக்கரம் நேராகக் கல்லுக்குத்தான் போகிறது. தடத்தைப் பார்த்தால் தடத்தில் போகிறது. எப்படி என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

இடுப்பளவுப் புல் பனியில் நனைந்து சாய்ந்திருந்தது. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் பூனைப்பருந்து ஒன்று புல்லின் நுனியைத் தொட்டுவிடுகிற உயரத்தில் நிதானமாகப் போயிற்று. வானம்பாடிகள் தரையில் கூடு கட்டும் இடம் இது. ஜீப் ஓட்டிச் சாகசம் காட்டுகிறவர்கள் கிழித்த சக்கரத் தடங்கள் ஆறாத புண்போலக் கிடக்கின்றன. பார்க்க எனக்கே கோபம் வந்தது. சைக்கிள்காரனும் யோக்கியன் இல்லை. புதுத் தடம் போடாமல், இருக்கிற ஒற்றைத் தடத்திலேயே போனால் ஓரளவு யோக்கியன். சுமார் ஐயாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட இந்தப் பகுதியைப் பாதுகாப்பு ஒதுக்கிடமாக்கும் யோசனை 2021ல் மாநில வனவிலங்கு வாரியத்தில் நிராகரிக்கப்பட்டு, 2024ல் ஒப்புதல் பெற்றது. இடைப்பட்ட காலமெல்லாம் இந்தப் புல்லை வெற்று நிலம் என்றே பலர் பேசினார்கள். மரம் இல்லாவிட்டால் நம்மவர்களுக்கு அது காடும் இல்லை, எதுவும் இல்லை.

ஒரு சிறு மேட்டில் ஏறியதும் மகள் பிரேக் போட்டாள். கீழே ஏரி.

நீர்த்தேக்கக் காட்சி என்றால் மேட்டூர், வைகை அணைகளைப் பார்த்த கண்ணுக்கு ஒரு கணக்கு இருக்கும். இது அப்படி இல்லை. நீண்ட மண் கரை. அதன் உட்புறம் கல் பதித்த சரிவு. நீரெடுக்கக் கட்டிய பழைய கட்டடம். நடுவில் தகடுபோலக் கொஞ்சம் தண்ணீர், அதன் விளிம்பில் கொக்குகள். மற்றதெல்லாம் பச்சைத் தரை. மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. 1933ல் அர்க்காவதியிலேயே கீழே திப்பகொண்டனஹள்ளியில் சற்றுப் பெரிய அணை வந்தது. பிறகு காவிரி வந்தது. ஹெசரகட்டா கடந்த முப்பது ஆண்டுகளில் பெரும்பாலும் தரையாகவே கிடந்திருக்கிறது. 2022ன் பேய்மழை போல எப்போதாவது ஒரு மழை வந்தால் ஏரிக்குத் தான் ஏரி என்பது ஞாபகம் வருகிறது. ஏன் வற்றியது என்று ஆராய்ந்த பெங்களூர் ஏட்ரீ நிறுவனத்தார், மழை குறைந்ததைக் காரணமாகச் சொல்லவில்லை. ஆற்றின் மேற்பகுதியில் அடி அடியாக இறங்கிய ஆழ்துளைக் கிணறுகளையும், நிலத்தடி ஈரத்தை உறிஞ்சும் தைல மரத் தோப்புகளையும் சொன்னார்கள்.

கரைக்குக் கீழே ஒரு பெரியவர் இரண்டு எருமைகளோடு உட்கார்ந்திருந்தார். தலையில் துண்டு, கையில் குச்சி. சைக்கிள்களின் கியரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

“யாவ ஊரு?”

எனக்கு வழக்கமான அந்த நொடி. கண்ணுக்குள் அப்பா. தமிழ் வாடை இல்லாமல் கன்னடத்தில் எப்படிச் சொல்வது, சிட்டி என்று பொதுவாகச் சொல்லிவிடலாமா என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே மகள் சொல்லிவிட்டாள்: “நீலசந்திரா, தாத்தா.”

“மனேல்லி தமிழா?” வீட்டில் தமிழா என்கிறார். அவளுடைய ‘தாத்தா’ காட்டிக்கொடுத்திருக்காது; அது இரண்டு மொழிக்கும் பொது. என் முகம் காட்டிக்கொடுத்திருக்கலாம்.

“ஆமாம்” என்று அவள் தமிழிலேயே சொல்லி, பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்தாள்.

பெரியவர் தலையாட்டினார். எருமைக்கு ஒரு அதட்டல் போட்டார். பிறகு தனக்குச் சொல்லிக்கொள்வதுபோல ஏரியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். சிறுவனாக இருந்தபோது இந்தக் கல்சரிவில் உட்கார்ந்து கால் நனைத்தாராம். கோடி விழுந்தால், அதாவது ஏரி நிரம்பி வழிந்தால், ஊரே வந்து பார்க்குமாம். இப்போது அவர் தோட்டத்தில் ஆயிரம் அடிக்குப் போர் போட்டும் புழுதிதான் வந்தது. இந்த ஆறு எங்கே போகிறது தெரியுமா என்று மகளிடம் கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. நந்தி மலையில் பிறந்து, இங்கே வந்து, ராமநகரம், கனகபுரம் வழியாகப் போய் மேகேதாட்டுக்குப் பக்கத்தில் சங்கமத்தில் காவிரியில் விழுகிறது என்றார். அதற்கப்புறம் உங்கள் ஊர்தான்.

ஒகேனக்கல், மேட்டூர் என்று நான் மனதுக்குள் முடித்தேன்.

“இந்தத் தண்ணியை நாங்க உங்களுக்கும் விடல, நாங்களும் குடிக்கல” என்றார் பெரியவர். அவர் சொன்னது கன்னடத்தில். என் தொழிலில் இதைவிடச் சுலபமாக ஒரு வாக்கியம் தமிழுக்கு வந்ததில்லை.

1991ல் எரிந்தது எந்தத் தண்ணீருக்காக என்று எல்லோருக்கும் தெரியும். அதே ஆற்றின் கிளை ஒன்று, அதே நகரத்தின் வாசலில், அதே ஆண்டுகளில் கேட்பாரின்றி வற்றிக்கொண்டிருந்தது. 2018ல் உச்ச நீதிமன்றம் இறுதிக் கணக்குச் சொன்னபோது, தமிழ்நாட்டுக்கு 177.25 டி.எம்.சி. என்றும், பெங்களூரின் குடிநீருக்காக 4.75 டி.எம்.சி. கூடுதல் என்றும் ஆனது. நீலசந்திராவில் என் அம்மா பிடிக்கிற குடமும் அந்தக் கணக்கில்தான் வருகிறது. திருவண்ணாமலைப் பெண்மணி கர்நாடகத்தின் பங்கிலிருந்து குடிக்கிறார். 2024 அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டமும் வந்துவிட்டது, நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர். ஒவ்வொரு முறையும் இன்னும் தூரத்துத் தண்ணீர் வருகிறது. பக்கத்துத் தண்ணீர் ஒன்று மாடு மேயும் தரையாகிறது.

கன்னடத்தில் ஏரிக்கு ‘கெரெ’ என்று பெயர். தமிழில் அதன் உடன்பிறப்பு ‘சிறை’. அவர்களுடைய கிவி நமக்குச் செவி ஆனதுபோல, அவர்களுடைய ககரம் நம்மிடம் சகரமாகியிருக்கிறது. பழந்தமிழில் சிறை என்றால் நீரைத் தடுத்து நிறுத்தும் அணை. ஜெயில் என்ற பொருள் மட்டும் இன்று நம்மிடம் தங்கிவிட்டது. இதைப் பெரியவரிடம் சொன்னேன். நான் கன்னடத்தில் பேசிய அந்த ஐந்து நிமிடமும் அவர் கவனித்தது என் உச்சரிப்பை அல்ல. “ஜெயில்தான், தண்ணி ஓடிப்போயிடுச்சு” என்று சிரித்தார். பல் பாதி இல்லை.

திரும்பும்போது இறக்கமான ஒரு தடத்தில் பெடலை நிறுத்தி, இரண்டு பிரேக்கிலும் ஒவ்வொரு விரலை மட்டும் வைத்துக்கொண்டு உருண்டோம். நான் ஒருமுறை விழுந்தேன். புல்லில்தான். முழங்கையில் கொஞ்சம் தோல் போயிற்று. மகள் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்து, முதலில் என் சைக்கிளைத் தூக்கி நிறுத்தி, செயின் கழன்றதை மாட்டி, அதற்குப் பிறகு என்னைக் கேட்டாள்: “அடிபட்டுச்சாப்பா?” நாகசந்திரா மெட்ரோ நிலையத்தின் நிழலில் இளநீர் குடித்துவிட்டு, இன்னொரு குட்டி யானையைப் பேரம் பேசி வீடு வந்தபோது மணி இரண்டு.

இரண்டு சைக்கிளும் செம்மண் பூசி நின்றன. மகள் வாளியைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனாள். அம்மா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். 2024 மார்ச்சில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது குடிநீரில் வண்டி கழுவினால் ஐயாயிரம் ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்களே, அதை அவர் மறக்கவில்லை.

“காவேரித் தண்ணியிலயா கழுவப்போறே? வை வாளியை.”

“சேறு, பாட்டி.”

“காஞ்சா உதிர்ந்துடும். உங்க தாத்தா வேலையிலிருந்து வர்றப்ப இப்படித்தான் வருவாரு, என்ன, தினம் கழுவியா விட்டேன்?” என்றார் அம்மா. டயரின் பொத்தான்களில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் கொஞ்சம் பெயர்த்தெடுத்துப் பார்த்தார். “எந்த ஊர் மண்ணு இது?”

ஹெசரகட்டா என்றேன். “அவ்வளவு தூரமா?” என்று என் முழங்கையைப் பார்த்தார். பிறகு தென்னந்துடைப்பத்தை எடுத்து மகளிடம் நீட்டினார்.